கிளச்சில் புகுந்த காற்று

என்னை யாராவது கெட்டிக்காரி என்று புகழ்ந்தால் இன்றும் உடம்பு கூசும். எட்டு வயதில் ஒருமுறை அந்தப் பெயரை வாங்கியிருக்கிறேன். ஆயுசுக்கும் அது போதும்.

அப்போது வட்டகொடைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். அக்காவைப் பெண் பார்க்க நோர்வூட் கோயிலுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். மாப்பிள்ளை பெரிய கங்காணியின் மகன். முதல் மனைவியை இழந்தவர். தலை பாதி நரைத்திருந்தது. ராகுகாலத்துக்கு முன்னால் நாங்கள் வராவிட்டால் வேறு பெண்ணை முடித்துக்கொள்வதாக ஆள் அனுப்பியிருந்தார்கள். அக்கா அம்மாவிடம் ஒரே ஒரு தடவை "வேணாம்மா" என்றாள். பெண்பிள்ளைகள் அப்படித்தான் சொல்லும் என்று அம்மா அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டாள்.

கொட்டகலையில் வாடகைக்கு ஹயர் கார் ஓட்டிய மாமா காரோடு வந்திருந்தார். முதல் நாள்தான் கிளச்சுக்குப் புது ரப்பர் வாசர்களைத் தன் கையாலேயே மாற்றியிருந்தார். காலையில் பார்த்தால், மிதித்த கால் சொத்தென்று உள்ளே போனது, கியர் விழவில்லை. எண்ணெய்க் குழாயில் காற்று புகுந்துவிட்டதாம். அதை வெளியேற்ற ஒருவர் கிளச்சை மிதித்துப் பிடிக்க வேண்டும். மாமா காருக்கு அடியில் படுத்துத் திருகாணியைத் திறந்து, காற்றை விட்டு, மூடிய பிறகுதான் காலை எடுக்க வேண்டும். முந்தி எடுத்தால் போன காற்று திரும்பி வந்துவிடும்.

பட்டுச்சேலையோடு அக்காதான் டிரைவர் சீட்டில் ஏறினாள்.

"மிதி... புடிச்சுக்க... இப்ப விடு!"

எத்தனை தடவை செய்தும் கிளச் பிடிக்கவில்லை.

"எல்லாம் புது வாசர் மச்சான். காத்து எங்கிட்டிருந்து வருதுன்னே தெரியலையே" என்று மாமா புலம்பினார்.

"ஒன்னைய நம்பி ரயிலையும் விட்டோமே!" என்று அப்பா லயத்து வரிசைவீட்டு ஆட்கள் முன்னால் ஏசினார். எண்ணெய் வடியும் முகத்தோடு மாமா தலைகுனிந்து நின்றது எனக்குப் பொறுக்கவில்லை. புதுக் கவுனோடு கார்ச் சவாரி இல்லாமல் போய்விடுமோ என்ற பயமும் இருந்தது. அதையும் மறைப்பானேன்.

நான் அக்காவுக்குப் பக்கத்துச் சீட்டில்தான் இருந்தேன். "மாமா, நீங்க விடுன்னு சொல்றதுக்கு முந்தியே அக்கா காலத் தூக்குறாங்க!" என்று கத்தினேன். அக்காவுக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

அக்கா இறங்கினாள். அம்மா அவளை ஒரு தரம் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்து நின்றபடி, மாமா சொல்லச் சொல்ல நான் மிதித்தேன். கொஞ்ச நேரத்தில் கிளச் காலை எதிர்த்து நின்றது. "கெட்டிக்காரி!" என்று மாமா என்னைத் தூக்கிச் சுற்றினார்.

அன்றே நோர்வூட்டில் வெற்றிலை மாற்றிக்கொண்டார்கள். அந்த வீட்டில் அக்கா பட்ட பாட்டை நினைத்தால் வெட்கத்தில் எனக்குத் தலை நிமிராது. ஒரு நாளாவது என்னைத் திட்டியிருக்கலாம். அவள் திட்டவில்லை.

அன்று நோர்வூட்டுக்குக் காரில் போகும்போது எனக்கு முன்சீட்டு கொடுத்தார்கள். பின்னாலிருந்து அக்கா குனிந்து, "கால் வலிக்குதாடி?" என்று கேட்டாள்.

"இல்லக்கா. இன்னும் எவ்வளவு நேரம்னாலும் மிதிப்பேன்" என்றேன், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.