ஈசான மூலையில் அறுத்த கம்பி

பட்டாசு மருந்து கலக்கும் அறைக்குள் நுழையும் முன் நீங்கள் கைவைக்கிற செம்புத் தகட்டின் மறுமுனை எங்கே போகிறது என்று ஒருநாளாவது பார்த்திருக்கிறீர்களா? அய்யம்மாள் பதினோரு வருடம் அதில் கைவைத்தார். அவரும் பார்த்ததில்லை.

அவர் கணவர் பலவேசம் சிவகாசியில் டிவி, யுபிஎஸ் பழுது பார்ப்பவர். 2007இல், கடையில் கழித்துப்போட்ட சாமான்களை வைத்து ஒரு பின்பால் விளையாட்டு மேசை செய்தார். நிஜப் பந்து கிடையாது. படுக்கவைத்த கணினித் திரையில் பந்தின் படம் உருளும்; பக்கவாட்டுப் பட்டனை அழுத்தினால் படத்திலுள்ள மட்டை அதைத் தட்டிவிடும். பட்டன்களுக்கு உடைந்த கீபோர்டின் சர்க்யூட் போர்டு, மேசைக்குப் பழைய கட்டிலின் இரும்புக் கால்கள். பட்டாசு முதலாளி ராஜபாண்டியன் அதைப் பார்த்துவிட்டுத் தன் மகனுக்கென்று வாங்கிக்கொண்டு போனார்.

மறுவருடம் ஆவணியில் கூப்பிட்டு அனுப்பினார். திரை பெரிதாக வேண்டும், பட்டனைத் தட்டினால் கைக்கு அதிர வேண்டும். பலவேசம் நான்கு நாள் அந்த வீட்டில் தரையில் படுத்து வேலை பார்த்தார். எல்சிடி டிவியைப் பொருத்தினார். புது பவர் சப்ளை போட்டார். 'டக்'கென்று அடிக்கிற ஆறு சொலினாய்டு சுருள்களை உள்ளே திருகி, சுருள் அணையும்போது திருப்பி உதைக்கும் மின்சாரத்தில் போர்டு கருகாமலிருக்க ஒவ்வொன்றுக்கும் குறுக்கே ஒரு டையோடு வைத்துப் பற்றவைத்தார். ஐந்தாம் நாள் முதலாளியின் மகன் வெறுங்காலோடு வந்து மேசை விளிம்பின் இரும்புப் பட்டையில் கைவைத்தான். சுள்ளென்று கரண்டு இழுத்தது.

"ஏலே பலவேசம், எம் மகனைக் கொல்லவாலே வந்த?"

"வயரிங் சரியாத்தான் இருக்கு மொதலாளி. பவர் சப்ளையில லேசாக் கசியுற கரண்டு எர்த்துக்குப் போகணும். உங்க வீட்டுல எர்த்து இல்ல."

"மூணு மாடி கட்டுனவன் வீட்டுல எர்த்து இல்லையாம். கேட்டுக்கோங்க."

பலவேசம் டெஸ்ட் லேம்ப்பை பிளக் பாயின்ட்டில் வைத்துக் காட்டினார். கரண்டு வரும் துளையை நியூட்ரலோடு சேர்த்தால் பல்பு எரிந்தது. எர்த்தோடு சேர்த்தால் எரியவில்லை. எர்த்துக்கான பச்சை வயர் போன வழியைப் பிடித்துக்கொண்டே கொல்லைப்புறம் போனார். வடகிழக்கு மூலையில் எர்த் குழி இருந்த இடத்தில் சிமெண்டு பூசியிருந்தது. கம்பியை அறுத்துச் சுவரோடு மடக்கி விட்டிருந்தார்கள்.

"அதுவா? வாஸ்துக்காரர் எடுக்கச் சொன்னாரு. ஈசான மூலையில கரியும் உப்பும் புதைச்சா குடும்பம் வெளங்குமாலே?"

கரியும் உப்பும் மந்திரம் வைக்கப் போட்டதல்ல. குழியில் ஈரம் நின்று, மின்சாரம் மண்ணுக்குள் இறங்கப் போட்டது. பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரிந்த இந்த விஷயம், ஊருக்கே வேலை கொடுப்பதாக மார்தட்டுகிறவருக்குத் தெரியவில்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம். பெருமையாக அடுத்ததையும் சொன்னார்.

"எம்.புதுப்பட்டிக் கம்பெனியிலயும் அதே மூலைதான். அங்கனயும் மூடியாச்சு. அதுக்கப்புறம் ஒரு ஆர்டர் தப்பலையே."

அந்த நேரத்தில் அய்யம்மாள் அதே கம்பெனியில் மருந்து கலந்துகொண்டிருந்தார்.

"அப்ப வாசல்ல இருக்க செம்புத் தகடு?"

"அது பாட்டுக்கு இருக்கு. ஆபீசருக வந்தா பாப்பாகல்ல."

நடக்கையில், நைலான் சேலை உரசுகையில் உடம்பில் மின்சாரம் சேரும். தகட்டைத் தொட்டால் அது மண்ணுக்குப் போக வேண்டும். போகாவிட்டால் விரல்நுனியில் ஒரு பொறி போதும், அறையே மிஞ்சாது. குழியை மூடியது மூடத்தனம். தகட்டை மட்டும் விட்டுவைத்தது குற்றம்.

இன்றைக்கே குழி தோண்டுங்கள் என்று பலவேசம் கேட்டார்.

"பொம்மைப் பெட்டிக்கு வயர் மாட்ட வந்தவன் எனக்கு வழி சொல்றியோ? எந்திரிச்சுப் போலே."

பலவேசம் நேரே கம்பெனிக்கு வண்டியை விட்டார். வெளியாள் வரக்கூடாது என்று வாட்ச்மேன் தடுத்தார், பாதுகாப்பு விதியாம். சாயங்காலம் அய்யம்மாள் உயிரோடு வெளியே வரும்வரை கேட்டுக்கு எதிரில் நின்றார்.

மறுநாள் காலை அய்யம்மாள் தகட்டின்முன் நின்றுவிட்டார். ஃபோர்மேன் சோலைச்சாமி சிரித்தார். "என்னம்மா, வேண்டுதலா? கைய வச்சிட்டு உள்ள போ."

"கைய வச்சா அது எங்கன போகுதுண்ணே?"

பதிலுக்குக் காத்திராமல் அறைக்குப் பின்னால் போனார். செம்புப் பட்டை சுவரோடு இறங்கி, தரைக்கு நாலு விரல் மேலே அறுந்து நின்றது. கீழே பளபளவென்று சிமெண்டு.

"செல்லக்கனியக்கா, எல்லாரையும் கூட்டிட்டு வாங்க. நம்ம உசுரு அந்தரத்துல தொங்குது, வந்து பாருங்க."

பதினான்கு பெண்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்கள். தீபாவளிக்கு இரண்டு மாதம். லோடு ஏற்ற லாரி நிற்கிறது.

"சீசன் நேரத்துல இப்படிப் பண்ணலாமா தாயி?" என்றார் சோலைச்சாமி.

செல்லக்கனி சொன்னார்: "நீங்க ஒரு மணி நேரம் உள்ள இருந்து கலந்துட்டு வாங்கண்ணே. நாங்க இங்கன இருந்து பாக்கோம்."

சோலைச்சாமி போகவில்லை.

மூன்றாம் நாள் புதுக் குழி தோண்டினார்கள், வாஸ்துக்காரர் காட்டிய வேறு மூலையில். அந்தப் பெண்கள் இப்போது நிஜமான எர்த்தில் கைவைக்கிறார்கள். அய்யம்மாளை மட்டும் இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பின்பால் மேசை கால் ஒடிந்து ஒரு டெம்போவில் கடைக்குத் திரும்பி வந்தது. பலவேசம் அதை நிமிர்த்தி, எர்த் கொடுத்து வைத்திருக்கிறார். இப்போது அது யாரையும் இழுப்பதில்லை.

நாளைக் காலை உங்கள் அறை வாசலிலும் ஒரு தகடு இருக்கும். அதில் கைவைக்கும் முன் பின்பக்கம் போங்கள். கம்பி மண்ணுக்குள் இறங்குகிறதா என்று குனிந்து பாருங்கள். அறுந்திருந்தால் உள்ளே போகாதீர்கள். பக்கத்தில் நிற்பவரையும் போக விடாதீர்கள்.