போடாமல் வைத்த ஊசி

திருப்பதியில் ஒரு தனியார் மருத்துவமனையின் அவசரப் பிரிவில் நான் நர்ஸாக இருக்கிறேன். ஒரு மதியம் விஜயபுரம் பக்கத்திலிருந்து ஒரு வேன் டிரைவரை அவர் மனைவி கூட்டி வந்தாள். ஐம்பது வயதிருக்கும். தலை பிளக்கிறது, கண் மங்குகிறது என்றார். பிரஷர் இருநூற்று முப்பது.

டியூட்டி டாக்டர் லேபெட்டலால் ஊசி போடச் சொன்னார். பிரஷரை இறக்கும், இதயத் துடிப்பையும் குறைக்கும். சிரிஞ்சில் ஏற்றிவிட்டு மானிட்டரைப் பார்த்தேன். துடிப்பு நாற்பத்தெட்டு. இவ்வளவு வலியில் இருப்பவருக்கு அது வேகமாக அல்லவா ஓட வேண்டும்? மணிக்கட்டைப் பிடித்து எண்ணினேன். அதேதான்.

"மாத்திரை ஏதாவது போட்டீங்களாண்ணா? மூச்சு இழுப்பு கிழுப்பு உண்டா?"

"எதுவும் இல்ல சிஸ்டர்." முந்திக்கொண்டு மனைவிதான் சொன்னாள். அவர் சுவரைப் பார்த்தார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. டாக்டரிடம் தெலுங்கில் சொன்னேன். ஊசியை நிறுத்திவிட்டு ஈசிஜி எடுக்கச் சொன்னார். சட்டையைக் கழற்றும்போது பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டை விழுந்தது. அட்டெனலால். அதுவும் துடிப்பைக் குறைக்கிற ஜாதிதான்.

"இது யாருதுண்ணா?"

"மச்சானோடது. ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டைல ஒரு கம்பெனிக்கு வேன் ஓட்ட நாளைக்கு மெடிக்கல் டெஸ்ட். பிரஷர் இறங்கட்டும்னு காலைல நாலு முழுங்கிட்டேன்." கம்பெனி பேரையும் சொல்லிவிட்டு, "கம்பெனிக்குச் சொல்லிடுவீங்களா?" என்றார்.

டாக்டர் ஈசிஜியைப் பார்த்தார். "இதுக்கு மேல ஊசியும் ஏறியிருந்தா இதயம் நின்னாலும் நின்னிருக்கும்" என்றார். துடிப்பைக் குறைக்காத வேறு மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினோம்.

"ஏன் இவ்ளோ மெதுவா? வேணும்னே இழுத்துக்கினு இருக்கீங்களா?" என்றாள் மனைவி.

"சட்டுனு இறக்கினா மூளைக்கு ரத்தம் போகாதுக்கா."

அவள் நம்பவில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நான் பிரஷர் பார்த்ததையும் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தாள். சாயங்காலம் அவருக்குத் தலைவலி விட்டது, கண்ணும் தெளிந்தது.

மூன்றாம் நாள் வீட்டுக்குக் கிளம்பும்போது டிஸ்சார்ஜ் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மாத்திரை விஷயம் இதுல எதுக்கு சிஸ்டர்?"

"அடுத்து பாக்கிற டாக்டருக்குத் தெரியணும்ணா. இனிமே உங்களுக்கு எழுதினதை மட்டும் போடுங்க."

"உங்க வீட்டுக்காரர் எங்க வேலை செய்றாரு?" என்று தாளை மடித்தபடியே கேட்டார்.

"ஸ்ரீசிட்டிலதான்."

அவர் மனைவியைப் பார்த்தார். "எந்தக் கம்பெனி?"

சொன்னேன். இவர் சேர இருந்த கம்பெனி இல்லை. அதையும் சொன்னேன். தலையாட்டினார், ஆனால் முகம் தெளியவில்லை. லிஃப்ட் கதவு மூடும் வரை இருவரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.