அண்ணனுக்குக் கிடைத்த பெயர்

2003ஆம் ஆண்டு தைப்பொங்கலுக்கு மறுநாள் என் நாட்குறிப்பில் எழுதியிருப்பது இது: “அண்ணன் வந்திருக்கிறார். பக்கத்து வீட்டு ஐயா பேச்சு. மனம் எரிகிறது.” கண்டியில், எங்கள் வீட்டு முன்கூடத்தில் நடந்தது அது.

நாங்கள் இருவரும் இலங்கை மலையகத்து நாவலப்பிட்டியில் பிறந்தவர்கள்; முன்னோர் இந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவர்கள். எழுபதுகளில், இலங்கை-இந்திய ஒப்பந்தப்படி அண்ணனுக்கு இந்தியக் குடியுரிமை கிடைத்தது. கப்பலேறித் தமிழ்நாட்டுக் கோத்தகிரிக்குப் போனார். நான் இலங்கைக் குடியுரிமை பெற்றுக் கண்டியில் கடை வைத்தேன். பல வருடங்களுக்குப் பிறகு அப்போதுதான் அண்ணன் ஊர் பார்க்க வந்திருந்தார்.

பக்கத்து வீட்டு ஐயா யாழ்ப்பாணத்தவர், ஓய்வுபெற்ற அரசாங்க எழுத்தர். நல்லவர்தான். ஆனால் தன் விருந்தாளிகளிடம் எங்களை, “இவை இந்திய ஆக்கள், நல்ல மனுசர்” என்றே அறிமுகப்படுத்துவார். நான் இந்தியாவைப் பார்த்ததே இல்லை.

அன்று அவர் வந்து கதிரையில் உட்கார்ந்ததும் அண்ணனிடம், “தம்பி, எவடம்?” என்று ஊரைக் கேட்டார்.

“கோத்தகிரிங்க. ஆனா அங்க என் பேரச் சொன்னா ஒருத்தருக்கும் தெரியாது. சிலோன்காரன் வீடுன்னு கேட்டாத்தான் வழி சொல்லுவாங்க.”

ஐயா குலுங்கிச் சிரித்தார். “அப்ப நீர் எங்கட ஆளெல்லோ” என்று அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

இத்தனை வருடம் அடுத்த வீட்டில் இருந்த எனக்குக் கிடைக்காத வார்த்தை, இந்தியக் கடவுச்சீட்டோடு வந்தவருக்குத் தேநீர் ஆறுவதற்குள் கிடைத்துவிட்டது.

“அப்ப நான் யாருங்கையா?” என்றேன். விளையாட்டாகக் கேட்கத்தான் நினைத்தேன். குரல் அப்படி வரவில்லை.

“ஏன் கோவிக்கிறீர்? வழக்கத்தில சொல்லுறதுதானே” என்றவர், கோப்பையை எடுத்துக்கொண்டார்.

அவர் போன பிறகு அண்ணன் சொன்னார்: “அந்தச் சிலோன்காரன்ங்கிற பேருக்கா மூஞ்சிய தூக்கி வச்சிருக்க? ரேஷன் கடையில அதச் சொல்லித்தான்டா என்னைய ஓரமா நிக்க வப்பாங்க. எனக்கு உன்னையப் பாத்தாத்தான் எரியுது. பொறந்த மண்ணுலயே இருக்க.”

நியாயம் புரிந்தது. பொறாமை மட்டும் போகவில்லை. நான் யாரென்று நானே சொல்லிக்கொண்டால் போதாது, அடுத்த வீட்டுக்காரரும் சொல்ல வேண்டும் என்று எனக்கிருக்கும் ஆசையை அன்றுதான் கண்டுகொண்டேன்.

பின்னாளில் ஐயா பிள்ளைகளோடு கனடாவுக்குப் போய்விட்டார். அங்கே கடைகளில் அவரைப் பார்த்து “இந்தியரா?” என்று கேட்கிறார்களாம், அவர் ஒவ்வொரு முறையும் நின்று திருத்துகிறாராம். அது உண்மையாக இருக்க வேண்டும் என்று இன்றும் விரும்புகிறேன். ஆனால் கேள்விப்பட்டது மட்டும்தான், உறுதிப்படுத்த முடியவில்லை.