கண்ணாடிக்கு எதிரே ஒரு சின்ன கிட்டார்

எங்கள் தெருமுனையில் முடி வெட்டும் கடை வைத்திருப்பவருக்குக் கத்திரி அக்கா என்று யார் பெயர் வைத்தார்களோ தெரியாது. அவசரமாகக் கூப்பிட்டவர்கள் வாயில் அது கத்திரிக்கா ஆகிவிட்டது. அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். "காய்கறிக் கடை அடுத்த தெருவுல" என்று மட்டும் சொல்வார், கத்திரி நிற்காமலே.

இரண்டு நாற்காலி, ஒரே ஆள், ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. அதுதான் கடை. துண்டு அடுக்கியிருக்கும் அலமாரியை ஒட்டி ஒரு கிட்டார் சாய்ந்து நிற்கும். தொழில் பழகிய காலத்தில், விடுதி அறையில் உடன் இருந்த தோழியிடம் கற்றுக்கொண்டாராம். ஆள் வராத மதிய நேரத்தில் வாசிப்பார். நான் இரண்டு மூன்று முறை கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறேன். உள்ளே கால் வைத்ததும் நின்றுவிடும். இன்னொருவர் பார்க்க வாசிப்பதென்றால் அவருக்குக் கை ஓடாது. முடி வெட்டுவதில் மட்டும் எத்தனை பேர் பார்த்தாலும் கவலையில்லை.

அவருடைய அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ். அக்காவுக்கு வேலை நேரம் மதியத்துக்கு மாறியபோது, பள்ளி விட்டதும் ஐந்து வயது மகளைக் கடையில் விடுவதென்று ஏற்பாடாயிற்று. வீட்டில் அவளுக்கு வாண்டு என்று பெயர். அந்தப் பெயரைக் கெடுக்கக்கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டு வந்தவள் போலிருந்தாள். தண்ணீர் தெளிக்கும் பாட்டிலை எடுத்து என்னையும் எனக்குப் பின்னால் காத்திருந்த தபால்காரரையும் நனைத்தாள். சுழல் நாற்காலியில் கண் செருகும்வரை சுற்றினாள். பவுடர் டப்பாவைத் திறந்து மூக்கை விட்டாள். ஒரு நாள் கிட்டாரின் கம்பியை விரலால் சுண்டியபோதுதான், அந்தச் சத்தம் ஓயும்வரை அசையாமல் நின்றாள். கத்திரி அக்கா அதைக் கவனித்துவிட்டார். அடுத்த வாரமே சின்னப் பிள்ளைகளுக்கான கிட்டார் ஒன்று கடைக்கு வந்தது. பிஞ்சு விரலை அறுக்காத நைலான் கம்பி.

பாடம் ஆரம்பித்தது. வாண்டு கிட்டாரை இடம் வலம் மாற்றிப் பிடித்தாள். சித்தி திருப்பிக் கொடுத்தார். அவள் மறுபடி மாற்றினாள். பென்சில், ஸ்பூன், பந்து எல்லாமே அவளுக்கு இடது கைதான், அது தெரிந்த விஷயம். ஆனால் கிட்டாருக்கு இரண்டு கையும் வேலை செய்ய வேண்டும், போகப் போகப் பழகிவிடும் என்று சித்தி நினைத்தார். பழகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவர் விரலை வைத்துக் காட்டினால், பிள்ளையின் விரல் வேறெங்கோ போய் உட்காரும். கம்பி பாடாமல் டொக்கு டொக்கு என்று இருமும்.

ஒரு நாள் வாண்டு கிட்டாரைக் கொண்டுபோய்த் துண்டுகளுக்கு அடியில் படுக்க வைத்துவிட்டாள்.

"ஏன்டி கண்ணு?"

"அதுக்கு என்னைப் பிடிக்கல சித்தி."

மறுநாள் என் தலையில் வேலை செய்துகொண்டே இதைச் சொன்ன கத்திரி அக்காவின் முகம் வாடிப்போயிருந்தது. பிள்ளைமேல் தப்பில்லை, தனக்குத்தான் சொல்லிக்கொடுக்கத் தெரியவில்லை என்றார். நான் ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் வாண்டு துண்டுகளைக் கலைத்துக் கிட்டாரை எடுத்துக்கொண்டு பக்கத்து நாற்காலியில் ஏறினாள். யாரும் திட்டப்போவதில்லை என்ற தைரியத்தில் தன் இஷ்டத்துக்கு மாற்றிப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியைப் பார்த்துக் கம்பியைத் தட்டினாள்.

என் காதோரம் கத்திரி நின்றது.

கண்ணாடிக்குள் இருந்த வாண்டு, கிட்டாரைச் சித்தி பிடிப்பதுபோலவே பிடித்திருந்தாள்.

"அட" என்றார் கத்திரி அக்கா. "இத்தனை வருஷமா கண்ணாடியைப் பாத்துத்தான் பொழப்பு நடக்குது. இது தோணல பாருங்க எனக்கு."

அன்று மாலையே சின்ன கிட்டாரின் கம்பிகளையெல்லாம் கழற்றினார். கழுத்தின் நுனியில் கம்பிகளைத் தாங்கும் வெள்ளைப் பட்டையைத் தட்டி எடுத்து, திருப்பி வைத்து ஒட்டினார். மேலே இருந்த தடித்த கம்பி கீழேயும் மெல்லிய கம்பி மேலேயுமாக மாற்றிக் கட்டினார். இடது கைக்காரி தன் போக்கில் பிடித்தால் தடித்த கம்பி மேலே வந்துவிடும். அதன் பிறகு பக்கத்தில் உட்காரவில்லை, எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்தார்.

"நான்தான் உன் கண்ணாடி. நான் செய்றத அப்படியே செய்யணும்."

வாண்டு யோசித்தாள். "கண்ணாடின்னா நான் செய்றதத்தானே நீங்க செய்யணும்?"

நியாயமான கேள்வி. அதனால் முதல் வேலையாக வாண்டு மூக்கைச் சொறிந்தாள், சித்தியும் சொறிந்தார். நாக்கை நீட்டினாள், சித்தியும் நீட்டினார். முறை மாறியபோது சித்தி ஒரு விரலைக் கம்பியில் வைத்தார். எதிரே இருந்த சின்ன விரலும் அதே இடத்துக்குப் போயிற்று. கம்பி முதல் தடவையாக இருமாமல் பாடியது. வாண்டு கம்பியை விடவே பயந்து, அழுத்திய விரல் சிவக்கச் சிவக்க அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

ஒரு பாட்டு முழுதாக வந்தபோது இன்னொரு தலைவலி தொடங்கியது. வேகம். ரயிலைத் தவறவிடப்போகிறவள் போல வாசித்து முடித்துவிட்டு, அடுத்து என்ன என்பாள். சித்தி காலால் தட்டிப் பார்த்தார், கை கொட்டிப் பார்த்தார். மெதுவாக என்ற சொல்லுக்கே அவளிடம் அர்த்தம் இல்லை.

அப்படியிருக்க ஒரு சனிக்கிழமை, ஒருவர் தன் இரண்டு வயதுப் பையனை முதல் தடவையாக முடி வெட்டக் கூட்டிவந்தார். அவன் கத்திரியைப் பார்த்ததும் ஊரைக் கூட்டினான். பொம்மை காட்டினார்கள், சீப்பைக் கையில் கொடுத்தார்கள். அப்பா மடியில் வைத்துக்கொண்டார். ஒன்றும் பலிக்கவில்லை. நானும் தபால்காரரும் பெஞ்சில் உட்கார்ந்து காதைப் பொத்தாத குறை.

வாண்டு தன் கிட்டாரை எடுத்து விறுவிறுவென்று வாசித்தாள். பையன் அழுகையை நிறுத்தினான். நிறுத்தியவன் அப்பா மடியில் எழுந்து நின்று ஆடத் தொடங்கினான். ஆடுகிற தலையில் எப்படிக் கத்திரி வைப்பது? வாசிப்பு நின்றால் அழுகை, தொடங்கினால் ஆட்டம். தபால்காரர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கத்திரி அக்கா குனிந்து வாண்டிடம் சொன்னார்: "அவன் காதுகிட்ட கத்திரி இருக்கு பாத்தியா? நான் வெட்டுற வேகத்துக்கு வாசி."

வாண்டு அந்தக் காதைப் பார்த்தாள். அப்புறம் ஒரு கம்பியைத் தொட்டாள். கத்திரி ஒரு முறை மூடித் திறக்கும்வரை காத்திருந்தாள். அடுத்த கம்பி. மறுபடி காத்திருந்தாள். நாங்கள் பல நாள் கேட்ட அதே பாட்டுதான், ஆனால் அதற்குள் இவ்வளவு இடம் இருந்தது அன்றுதான் தெரிந்தது. பையன் உட்கார்ந்துவிட்டான். வாயைத் திறந்தபடி, சத்தம் எங்கிருந்து வருகிறதென்று கண்ணாடிக்குள் தேடிக்கொண்டிருந்தான். காதோரம் முடிந்தது. பிடரி முடிந்தது. நெற்றி முடியும் விழுந்தது.

பாட்டு முடிந்ததும் பையன், "இன்னும்" என்றான்.

வாண்டு சித்தியைப் பார்த்தாள். தனியாக இனி முடியாது என்று அந்தப் பார்வையிலேயே இருந்தது. கத்திரி அக்கா எங்களை ஒரு முறை பார்த்தார். கத்திரியை வைத்தார், மேலாடையில் கையைத் துடைத்தார். பெரிய கிட்டாரை எடுத்துக்கொண்டு முக்காலியை அவள் எதிரே இழுத்துப் போட்டார். முதலில் கொஞ்சம் தடுமாறினார். பிறகு எங்களை மறந்துவிட்டார். சின்ன கிட்டார் பாட்டைச் சொல்ல, பெரிய கிட்டார் அதற்கு அடியில் தாங்கிக்கொண்டே போனது. அவர் கன்னத்தில் யாருடைய முடியோ ஒட்டியிருந்தது. துடைக்கவும் தோன்றவில்லை அவருக்கு. என் முறை வந்ததை நானும் நினைவுபடுத்தவில்லை.

அன்று இரவு வாண்டின் அம்மா வேலை முடிந்து வந்ததும், செருப்பைக்கூடக் கழற்ற விடாமல் உட்காரவைத்து இருவரும் வாசித்துக் காட்டினார்களாம். பாதியிலேயே அம்மா உட்கார்ந்தபடி தூங்கிப்போனார். பிள்ளை அழப்போகிறாளே என்று சித்திக்குப் பயம். ஆனால் வாண்டு விரலை உதட்டில் வைத்து, "நான்தான் தூங்க வெச்சேன்" என்றாள். பெருமையில் முகம் பூரித்துப்போயிருந்ததாம். சிரிப்பை அடக்கிக்கொண்டு, அம்மா விழித்துவிடாதபடி, இருவரும் பாட்டின் மீதிப் பாதியை வாசித்து முடித்தார்கள்.