வாயில் எதுவும் போடாதவள்

என் கணவர் எனக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்த அன்றுதான், எனக்கு வந்திருப்பது சாதாரண இருமல் இல்லை என்று தெரிந்துகொண்டேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அந்த மனிதர் தன் சோற்றுக்கே தானாகத் தண்ணீர் எடுத்து வைத்துக்கொண்டதில்லை. அன்று தர்மபுரி பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துவிட்டு, மதியம் நல்லம்பள்ளிப் பக்கம் இருக்கிற எங்கள் ஊருக்குத் திரும்பியிருந்தோம். நான் கட்டிலில் சாய்ந்ததும் சொம்பைக் கொண்டுவந்து நீட்டி, "குடி, தொண்டை வறண்டிருக்கும்" என்றார்.

"டாக்டரம்மா உங்கள மட்டும் தனியாக் கூப்புட்டு என்னாங்க சொன்னாங்க?"

"ஒண்ணும் இல்ல. சளி கட்டிக்கிச்சாம். கொழாய் வுட்டுப் பாக்கணுமாம்."

"சளி கட்டுனதுக்கா நீங்க எனக்குத் தண்ணி மொண்டு குடுக்கறீங்க?"

மாட்டைக் கட்டிவிட்டு வருகிறேன் என்று எழுந்து வெளியே போனார். மாடு கட்டித்தான் இருந்தது.

இருமல் ஐப்பசி மழையோடு வந்தது. மழை இருமல் மழையோடு போகும் என்று தூதுவளை ரசம் வைத்துக் குடித்தேன். கார்த்திகை போயிற்று, மார்கழி போயிற்று, இருமல் போகவில்லை. பக்கத்து டாக்டர் மாத்திரை கொடுத்தால் காய்ச்சல் இறங்கும். மாத்திரை தீர்ந்ததும் மறுபடி ஏறும். டிபியாக இருக்குமோ என்று சளியைப் பரிசோதித்தார்கள். இல்லை என்று வந்ததும் மாரியம்மனுக்கு மாவிளக்கு போட்டேன். வலது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் நெஞ்சுக்குள் விசில் அடிக்கும். தை மாதம் ஒரு காலையில் சளியோடு சிவப்பாக ஒரு கோடு வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் தர்மபுரிக்கு பஸ் ஏறினோம், ஸ்கேன் எடுத்தோம்.

தண்ணீர் கொடுத்த அன்றிலிருந்து என் வீடே மாறிப்போயிற்று. அவர் என்னை அதட்டுவதை நிறுத்திவிட்டார். குழம்பில் உப்பு தூக்கலாக இருந்தாலும் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டார். ஓசூரில் கட்டிக்கொடுத்திருக்கும் என் தங்கை, வாரம் ஒருமுறை பேசுகிறவள், தினமும் போன் போட்டு "சாப்ட்டியாக்கா" என்றாள். கேட்டுவிட்டு அடுத்த வார்த்தை வராமல் திணறினாள். எல்லோருக்கும் தெரிந்திருந்தது, எனக்கு மட்டும் தெரியவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. என் நெஞ்சுக்குள் இருப்பதை ஊர் தெரிந்து வைத்திருக்கும், நான் தெரிந்துகொள்ளக் கூடாதா?

குழாய் விட்டுப் பார்க்க வரச்சொன்ன நாள் வந்தது. பஸ் ஸ்டாப்பில் நின்றபோது நான் பிடிவாதமாகச் சொல்லிவிட்டேன்.

"என்னான்னு சொல்லுங்க. சொல்லாட்டி இந்த பஸ்ஸுல ஏற மாட்டேன்."

"ஏறும்மா. டாக்டரம்மா காத்துக்கிட்டிருப்பாங்க."

அம்மாவாம். என்னை 'ஏய்' என்றும் 'இந்தா' என்றும் தவிர வேறு எதுவும் சொல்லிக் கூப்பிடாத வாய் அது. பஸ் வந்தது. நான் அசையவில்லை. கண்டக்டர் எங்களைப் பார்த்துவிட்டு விசில் கொடுத்தார், பஸ் போய்விட்டது. என் கணவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"வலது பக்க நுரையீரல்ல கட்டி மாதிரி தெரியுதாம். சதைய எடுத்துப் பாத்தாத்தான் எந்த மாதிரிக் கட்டின்னு சொல்ல முடியுமாம்" என்றார். அப்புறம், "அந்தக் கட்டியா இருந்தா பாதி நுரையீரல எடுக்க வேண்டி வரலாமுன்னாங்க" என்றார்.

கேட்டே தீருவேன் என்று நின்றவள் நான். கேட்டதும் அங்கிருந்த மைல்கல் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். ரொம்பப் பயந்தேன். சாவு என்பதைவிட, மூச்சுக்குத் தவித்துத் தவித்துப் போவேனோ என்றுதான் பயந்தேன். அடுத்த பஸ்ஸில் ஏறினோம்.

பஸ்ஸில் பயம் கொஞ்சம் விலகி மறுபடி கோபம் வந்தது. எனக்கு ஏன் வரவேண்டும்? எங்கள் காட்டில் புளியமரங்கள் இருக்கின்றன. மாசி பிறந்தால் காய் உலுக்கி, காயவைத்து, ஓடு நீக்கி, கொட்டை தட்டுகிற வேலை சித்திரை வரை ஓடும். தெருப் பெண்கள் எங்கள் வாசலில் வட்டமாக உட்கார்ந்து தட்டுவார்கள். நாள் முழுக்க உட்கார்ந்து செய்யும் வேலை, அதனால் வாய்க்கு ஏதாவது வேண்டும் என்று முக்கால்வாசிப் பேர் புகையிலையை அடக்கிக்கொள்வார்கள். என் வாசலில் அது நடக்காது. புகையிலையோடு வருகிறவளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். வாய் நமநமவென்று இருந்தால் புளியங்கொட்டையை மெல்லுங்கள் என்று நானே வறுத்து நடுவில் வைப்பேன். வெற்றிலைகூட கல்யாணத்தில் கொடுத்தால் முந்தானையில் முடிந்து யாருக்காவது கொடுத்துவிடுவேன். இப்படி இருந்தவளுக்கு இந்த நோயா என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சாமியோடு சண்டை போட்டேன்.

குழாய் விடும் அறைக்கு வெளியே பெஞ்சில் காரிமங்கலத்துப் பக்கத்துத் தம்பதி ஒன்று உட்கார்ந்திருந்தது. அந்த ஆள் கல் அறுக்கும் பட்டறையில் வேலை செய்தவர். சட்டைக்குள் தோள் எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மூச்சையும் குனிந்து இழுத்தார். அவர் மனைவி என்னைவிடச் சின்னவள். எங்களைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டாள்.

"உங்களுக்கும் கட்டின்னுதான் சொன்னாங்களாக்கா?"

யாரும் என் முகத்துக்கு நேரே சொல்லாத வார்த்தையை அவள் சாதாரணமாகக் கேட்டாள். அதனாலேயே அவளை எனக்குப் பிடித்துப்போயிற்று. "ஆமா" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய கை என் கையைவிடச் சில்லிட்டிருந்தது.

முதலில் அவள் புருஷனை உள்ளே கூட்டிப்போனார்கள். வெளியே வந்தபோது நர்ஸ் தாங்கிப்பிடித்து உட்காரவைத்தாள். டாக்டரம்மா அவர் மனைவியை ஓரமாக அழைத்துப் பேசினார். கட்டியிலிருந்து சதை எடுத்திருக்கிறோம், ரிசல்ட் வந்ததும் மேற்கொண்டு பார்க்கலாம், கூட ஆண் துணை யாராவது இருந்தால் நாளைக்கு வரச்சொல்லுங்கள் என்றார். என் காதிலும் விழுந்தது. அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று எனக்கு விளங்கிவிட்டது. அவளுக்கும் விளங்கியிருக்கும். திரும்பி வந்து உட்கார்ந்து புருஷனுடைய சட்டைப் பொத்தானைச் சரிசெய்தாள்.

அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள்.

டாக்டரம்மா என் மகள் வயசுக்காரப் பெண். பழைய கேள்விகளையே மறுபடி கேட்டார்.

"வீட்ல யாராவது பீடி, சிகரெட் பிடிப்பாங்களா?"

"யாரும் இல்லைங்க."

"பாக்கு, புகையிலை, வேற ஏதாவது பழக்கம்?"

"வாயில எதுவும் போட மாட்டேங்க" என்றேன். அந்த நிலையிலும் எனக்கு அதில் ஒரு பெருமை. கூட வந்த என் கணவர், "அதெல்லாம் தொடவே மாட்டாங்க" என்று சாட்சி சொல்லிவிட்டு வெளியே போனார்.

தொண்டையில் கசப்பாக ஒரு மருந்தைப் பீய்ச்சினார்கள். நாக்கு மரத்துப்போய், எச்சிலை விழுங்கக்கூட முடியவில்லை. லேசாக மயங்க ஓர் ஊசி போட்டார்கள், ஆனாலும் நினைவு இருந்தது. வாய் வழியாகக் குழாய் இறங்கியது. தொண்டையைத் தாண்டும்போது யாரோ கழுத்தை நெரிப்பதுபோல் இருந்தது. செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். கையை உதறினேன், நர்ஸ் பிடித்துக்கொண்டாள். "மூச்சு வருது பாருங்கம்மா, வருது, இருமாதீங்க" என்று டாக்டரம்மா சொல்லிக்கொண்டே இருந்தார்.

கட்டிலுக்குப் பக்கத்தில் டிவி போல ஒன்று இருந்தது. சிவந்த குகையாகத் தெரிந்ததுதான் என் மூச்சுக்குழாய். ஒரு கிளையில் குழாய் திரும்பியதும் வழி அடைபட்டிருந்தது. வெளுத்த சதை புடைத்து நின்றது, சுற்றிச் சீழ். அதுதான் கட்டி. அதைப் பார்த்துக்கொண்டே படுத்துக் கிடந்தேன்.

டாக்டரம்மா சின்ன இடுக்கியை உள்ளே விட்டுச் சதையைக் கிள்ளினார். இரத்தம் பரவியது, துடைத்தார். மறுபடி விட்டார். இடுக்கி எதன்மேலோ மோதி வழுக்கியது.

"சிஸ்டர், இது சதை இல்ல. கெட்டியா இருக்கு."

சீழை உறிஞ்சி எடுத்ததும் சதைக்கு நடுவில் பழுப்பாக, பளபளப்பாக ஒன்று எட்டிப் பார்த்தது. அவர்களுக்கு அது என்னவென்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. வருஷத்துக்கு வருஷம் மூட்டை மூட்டையாக நான் அள்ளிப்போடுகிற பொருள் எனக்குத் தெரியாதா?

போன பங்குனியில் வாசலில் உட்கார்ந்திருந்தபோது, ஒருத்தி என் கணவர் ஸ்கூட்டர் ஓட்டப் பழகியதை நடித்துக் காட்டினாள். வறுத்த கொட்டை ஒன்றை நான் கன்னத்தில் அடக்கியிருந்தேன். காலையில் அடக்கினால் மதியத்துக்குள் ஊறி மெத்தென்று ஆகும், அப்புறம் மெல்லலாம். என் வாசலில் எல்லோருமே அப்படித்தான். அது ஒரு பழக்கம் என்று எங்களுக்குத் தோன்றியதே இல்லை. அவள் நடித்ததைப் பார்த்து வாயைப் பிளந்து சிரித்தேன். புரையேறிவிட்டது. கண் பிதுங்க இருமினேன். பக்கத்தில் இருந்தவள் உச்சந்தலையில் தட்டி, "யாரோ நெனைக்கறாங்கக்கா, ஓசூரு தங்கச்சியாத்தான் இருக்கும்" என்றாள். இருமல் அடங்கியதும் தங்கைக்குப் போன் போட்டேன். "இப்பத்தாங்கா உன்னப் பத்திப் பேசிக்கிட்டிருந்தோம்" என்றாள். அதற்குமேல் என்ன வேண்டும்? எல்லோருக்கும் சந்தோஷம். வாயில் இருந்த கொட்டை எங்கே போயிற்று என்று ஒருத்தியும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

தொண்டையில் குழாய் இருக்கும்போது பேச முடியாது. விரலால் டிவியைக் காட்டினேன், வாயைக் காட்டினேன். அழுகை வந்தது, இருமலும் கூடவே வந்தது.

"அசையாதீங்கம்மா" என்றார் டாக்டரம்மா. அவர் குரல் மாறியிருந்தது. "இத வெளிய எடுக்கணும். வழியில நழுவி மேல மாட்டிக்கிச்சுன்னா ரெண்டு பக்கமும் மூச்சு அடைச்சுக்கும். இருமவே கூடாது. புரியுதா?"

கண்ணைச் சிமிட்டினேன். கம்பியில் கோத்த சின்ன வலைக்கூடை ஒன்றை உள்ளே விட்டார். கொட்டை அகப்பட்டது, வழுக்கியது. மறுபடி அகப்பட்டது. மெல்ல இழுத்தார். நெஞ்சுக்குள் ஏதோ பெயர்ந்து மேலே ஏறுவதை உணர்ந்தேன். இருமல் தொண்டை வரைக்கும் வந்து நின்றது. அதை அடக்கப் பட்ட பாட்டை நான் பிள்ளைப்பேற்றில்கூடப் பட்டதில்லை. ஒரு கணம் மூச்சே வரவில்லை. நர்ஸ் "சிமிட்டுங்கம்மா, சிமிட்டுங்க" என்று கத்தினாள். அப்புறம் குழாய் வாயைவிட்டு வெளியே வந்தது. தட்டில் டக்கென்று ஏதோ விழுந்தது.

இருமு இருமென்று இருமித் தீர்த்தேன். டாக்டரம்மா முகமூடியைக் கழற்றி, நெற்றியைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "வாயில எதுவும் போட மாட்டேன்னீங்க?"

கொட்டையைச் சின்ன பாட்டிலில் போட்டுக் கையில் கொடுத்தார்கள். சுற்றி வளர்ந்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்புகிறோம், ஆனால் பயப்பட வேண்டியதில்லை, கொட்டை அழுத்தியதால் வளர்ந்ததுதான், மருந்து சாப்பிட்டால் சரியாகும் என்றார் டாக்டரம்மா. வெளியே என் கணவரிடம் பாட்டிலைக் காட்டினேன். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஏய்! உனக்குப் புத்தி இருக்குதா? கொட்டைய முழுங்கிட்டு ஊரையே கதிகலங்க வெச்சிருக்கறயே!" என்று ஆஸ்பத்திரி அதிரக் கத்தினார். கத்திக்கொண்டே சுவரோடு சரிந்து உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. 'ஏய்' என்று கேட்டதும்தான் எனக்குப் பிழைத்துவிட்டேன் என்றே நம்பிக்கை வந்தது. நானும் அழுதேன், அழுகைக்கு நடுவில் சிரிப்பும் வந்தது. எங்கள் சத்தத்தில் பெஞ்சில் இருந்தவர்களை மறந்தே போனேன்.

"அக்கா."

காரிமங்கலத்துக்காரி எதிரே நின்றிருந்தாள். அவள் கண் பாட்டிலின் மேல் இருந்தது. என் சிரிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

"கட்டின்னு சொன்னது இதுதானாக்கா?"

"ஆமாம்மா. புளியங்கொட்டை."

அவள் பெஞ்சில் இருந்த புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு வேகவேகமாகச் சொன்னாள். "எங்கூட்டுக்காரரும் புளியங்கொட்டை தின்னுவாருங்க. வறுத்துக் குடுத்தா பட்டறைக்கு எடுத்துக்கிட்டுப் போவாரு. டாக்டரம்மாகிட்ட அதச் சொல்லவே இல்லைங்க நாங்க. இன்னொரு தடவ நல்லா உள்ள பாக்கச் சொல்லலாமுங்களா?"

பெஞ்சில் இருந்தவர் நிமிர்ந்தார். "நான் எங்க..." என்று தொடங்கியவர் அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். ஒரு மூச்சை இழுத்துப் பிடித்தார்.

"ஆமாங்க," என்றார் என்னைப் பார்த்து. "நெறையத் தின்னிருக்கறேன்."

டாக்டரம்மாவிடம் காட்டுவதற்காக அவள் என் பாட்டிலைக் கேட்டாள். கொடுத்தேன். நானும் எழுந்து அவளோடு உள்ளே போனேன்.