பல் குழியில் எலும்புத் தூள்

ஒரகடத்தில் கார் உதிரி பாகங்கள் செய்யும் கம்பெனியில் நான் வேலை பார்த்தபோது, ஹாஸ்டல் குளியலறையில் வழுக்கி விழுந்து முன்பல் ஒன்று வேர்வரை பிளந்துவிட்டது. பல்லைப் பிடுங்கிய டாக்டரம்மா, குழியைச் சும்மா விட்டால் தாடை எலும்பு கரைந்துவிடும், பிறகு செயற்கைப் பல்லின் ஸ்க்ரூ நிற்க இடமிருக்காது என்றார். குழிக்குள் எலும்புத் தூளை நிரப்பித் தையல் போட்டார். அது இறுக மாதக்கணக்கில் ஆகுமாம். அதுவரை போட்டுக் கழற்றுகிற ஒற்றைப் பல் ஒன்றைக் கொடுத்தார்.

என்ன எலும்பு என்று கேட்டேன். மாட்டெலும்பைச் சுத்தம் செய்து எடுத்தது என்றார்.

அந்தச் சமயத்தில் படப்பையில் இருந்த என் சித்தி ஒரு மாப்பிள்ளை வீட்டாரை வரவழைத்தாள். சேரப்பணஞ்சேரிப் பையன். கல்யாணத்துக்குப் பிறகு பெண் வேலைக்குப் போகக் கூடாது என்று அவன் அம்மா முன்பே சொல்லியனுப்பியிருந்தார். ராமநாதபுரத்திலிருந்து இவ்வளவு தூரம் வந்தது வீட்டில் உட்காரவா என்று எனக்கு எரிச்சல். பல் விஷயத்தில் மூச்சுவிடக் கூடாது என்பது சித்தியின் கட்டளை.

காபித் தட்டைத் தூக்குமுன் அடுப்படியிலேயே பல்லைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டேன். வெளியே வந்து, மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்த்து வாய்நிறையச் சிரித்தேன்.

பல் எங்கே என்று கேட்டார். நான் மிகப் பணிவாகக் குழி, தூள், மாடு எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் கையிலிருந்த கேசரி தட்டுக்குத் திரும்பியது. சித்தி என் முதுகில் கிள்ளினாள்.

மாப்பிள்ளை மட்டும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான். "ரொம்ப வலிச்சுதாங்க?"

"பிடுங்குனதுதான் வலிச்சுச்சு. பொடி வச்சதே தெரியல."

"எனக்கும் கடவாப் பல்லு ஒண்ணு எடுக்கச் சொல்லிக்கீறாங்க. பயந்துகினு தள்ளிப் போட்டுகினே வரேன். அந்த டாக்டர் எங்க கீறாங்க?"

நான் இடத்தைச் சொன்னதும் அவன் அம்மா எழுந்துவிட்டார். சம்பந்தம் அதோடு முடிந்தது.

சில மாதம் கழித்து அதே டாக்டரம்மாவிடம் எக்ஸ்ரே எடுக்கப் போனேன். பெஞ்சில் கன்னம் வீங்கி, பஞ்சைக் கடித்தபடி அவன் உட்கார்ந்திருந்தான். பேச முடியவில்லை. அம்மாவுக்குத் தெரியுமா என்றேன். பதறிப்போய் இல்லையென்று தலையாட்டினான். என்ன எலும்பு வைத்தார்கள் என்றதற்கு, இரண்டு விரலை நெற்றியில் கொம்பாக வைத்துக் காட்டினான். எனக்கு வந்த சிரிப்பு அவனுக்கும் தொற்றிக்கொள்ள, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு முனகினான்.

டாக்டரம்மா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "அவர சிரிக்க வைக்காதம்மா, தையல் பிரிஞ்சுடும். நீ உள்ள வா."

என் எலும்பு நன்றாக இறுகியிருந்தது. ஸ்க்ரூ போட, நைட் ஷிப்ட் இல்லாத வாரமாகப் பார்த்து நாள் கேட்டு வாங்கினேன்.