ஆடியில் காப்புக் கட்டியவர்

இருளாயி அக்கா இறந்த செய்தியை எனக்குச் சொன்னவர் நரிக்குடி டவுன் பஸ் கண்டக்டர். "உங்க கடைசி ஸ்டாப்பு டிக்கெட்டு போயிருச்சு சார்" என்றார். அந்த நிறுத்தத்தில் காலையில் ஏறும் ஒரே பயணி அக்காதான் என்பதால், அதைப் போக்குவரத்துத் துறையின் இரங்கலாகவே எடுத்துக்கொண்டேன்.

அவரை வார்டு உறுப்பினராக அறிந்தவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல அதிகமில்லை. நான் அவரை அறிந்தது ஊராட்சிச் செயலராக, எதிர்ப்பக்கம் நின்று.

ஆளில்லாத வீடுகளைக் கணக்கெடுத்து இடிக்கச் சொல்லி உத்தரவு வந்திருந்தது. பாதி ஊர் திருப்பூரில் இருந்தது. சிவப்புப் பெயிண்ட் டப்பாவோடு பூட்டிய வீடுகளுக்கு எண் போட்டுக்கொண்டு போனேன். ஆடுகளை ஓட்டி வந்த அக்கா வழியை மறித்தார்.

"போனவுக திரும்பி வரமாட்டாகன்னு எழுதித் தாரியா தம்பி? எழுதிக் கையெழுத்துப் போடு. நானே இடிச்சுத் தாரேன்."

எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போட்டுப் பழகிய கை அன்று தயங்கியது. தப்பிப்பதற்காக விதியைச் சொன்னேன். வீட்டில் புழக்கம் இருப்பதற்கு அடையாளம் வேண்டும். வாசல் தெளித்திருக்க வேண்டும், பொங்கலுக்குக் கட்டுகிற காப்பாவது கூரையில் இருக்க வேண்டும். அரசு ஊழியர் விதியை விளங்கும்படி சொன்னால் என்ன ஆகும் என்பதை மறுநாள் பார்த்தேன்.

பட்டியலைச் சரிபார்க்க வந்த அதிகாரி ஜீப்பை விட்டு இறங்கியபோது, பூட்டிய பத்தொன்பது வீடுகளிலும் வாசல் தெளித்துக் கோலம். வேப்பிலையும் ஆவாரம்பூவும் வைத்துக் காப்பு. அப்போது ஆடி மாதம்.

"பொங்கலுக்குத்தானம்மா காப்புக் கட்டுவாங்க?" என்று அக்காவிடம் கேட்டார்.

"காலண்டரு உங்க ஆபீஸ்ல இருக்கு சார். வீடு எங்க ஊர்ல இருக்கு."

"இந்த வீட்டுக்குக் கூரையே இல்லையே?"

"மழையும் இல்லையே சார்."

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் கோலத்தைப் பார்த்தேன். பட்டியல் வந்த ஜீப்பிலேயே திரும்பிப் போனது.

மறுவருடம் ஏழாம் எண் வீட்டுக்காரர், மில் வேலை போய், மனைவி மக்களோடு வந்து பூட்டைத் திறந்து உள்ளே போனார். அக்கா என்னிடம் எதையும் சொல்லிக் காட்டவில்லை. நான் போட்ட சிவப்பு எண்ணின்மேல் பூசச் சுண்ணாம்பு கேட்டார், ஊராட்சிச் செலவில்.

இப்போது புதிதாக ஓர் உத்தரவு வந்திருக்கிறது. பட்டியலில் முதல் வீடு அக்காவுடையது. காரியம் முடிந்ததும் பிள்ளைகள் பூட்டிவிட்டுத் திருப்பூர் போய்விட்டார்கள். நேற்று நான் போய் வாசல் தெளித்தேன். கோலம் கோணலாக வந்தது. விதியில் நேராக இருக்க வேண்டும் என்று இல்லை. நிலையில் ஆவாரம்பூ கட்டினேன். படிவத்தில் 'புழக்கம் உண்டு' என்று எழுதினேன்.

இருளாயி அக்கா திரும்பி வரமாட்டார். எனக்குத் தெரியும். எழுதித் தர மாட்டேன்.